கூரையை மாற்றும் முன் சுவரைப் பாருங்கள்

கூரை மாற்ற வேண்டும் என்று அழைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "காங்கிரீட் போடலாமா, ஷீட் போடலாமா?" என்றுதான். கட்டடங்களின் உறுதியைக் கணக்கிடும் பொறியாளர் நான். அண்ணாந்து பார்ப்பதற்கு முன் சுவரையும் அஸ்திவாரத்தையும் பார்ப்பேன்.

ஓட்டுக் கூரை, சட்டங்களோடு சேர்த்து, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 65 கிலோ இருக்கும். அங்கேயே 12.5 சென்டிமீட்டர் கனத்தில் காங்கிரீட் தளம் போட்டால் 310 கிலோவைத் தாண்டும். மேலே வரும் பூச்சு, தண்ணீர்த் தொட்டி, ஆட்கள் எல்லாம் தனிக்கணக்கு. 60 சதுர மீட்டர் வீட்டில் தளம் மட்டுமே கூடுதலாக ஏற்றுவது கிட்டத்தட்ட 15 டன். மண் சாந்தில் கட்டிய பழைய சுவர் அதைத் தாங்குமா என்பதைத் தட்டிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. சுவரோரமாக ஓரிரு இடங்களில் தோண்டி, அஸ்திவாரத்தின் ஆழத்தையும் அகலத்தையும் அளக்க வேண்டும். சின்ன வேலைதான். அதைத்தான் பலரும் வேண்டாம் என்கிறார்கள்.

சரி, பாரமில்லாத ஷீட்டே போட்டுவிடலாம் என்றால், அங்கே பாரம் இல்லாததுதான் சிக்கல். பலத்த காற்று சாய்வு குறைந்த கூரையை மேல்நோக்கி உறிஞ்சித் தூக்கும். விளிம்பிலும் மூலையிலும் அந்த இழுப்பு அதிகம். ஓடாவது தன் எடையில் ஓரளவு உட்கார்ந்திருக்கும். ஷீட்டைச் சட்டத்தோடும், சட்டத்தைச் சுவரோடும் இறுக்கிப் பிணைத்தாக வேண்டும். மேல்வரிசைச் செங்கலில் மட்டும் போல்ட்டைப் புதைத்தால், கூரை செங்கலையும் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிடும். சுவரின் தலையில் சுற்றிலும் காங்கிரீட் பெல்ட் போட்டு, அதில் போல்ட் வைக்கச் சொல்வேன்.

பழையதைப் பிரிக்கும் வேலையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. என் கணக்கில் ஆபத்து அதிகமுள்ள கட்டமே அதுதான். கூரை மழையைத் தடுப்பதோடு, சுவர்களின் தலையையும் பிடித்து நிறுத்துகிறது. கழற்றியதும் உயரமான முக்கோணச் சுவர் பிடிப்பில்லாமல் நிற்கும். ஒரு வேகமான காற்றே அதைச் சாய்க்கலாம். முட்டுக் கொடுத்துவிட்டுப் பிரியுங்கள். காங்கிரீட் தளமென்றால், உடைத்த கட்டிகளை அந்தத் தளத்தின் மேலேயே குவிக்கக் கூடாது.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் உடைக்கவும் அறுக்கவும் வேண்டாம். பறக்கும் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கலாம். ஷீட்டை நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஆட்கள் கிடைத்தால் அவர்களிடமே விடுங்கள். அதன்மேல் ஏறி நடப்பது கூடவே கூடாது. பழைய ஷீட் சொல்லாமல் கொள்ளாமல் முறியும்.

புதுத் தளம் போடும் நாளில் எல்லோரும் சிமென்ட் மூட்டையை எண்ணிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் சன்ஷேடு போல வெளியே நீளும் பகுதியைப் பாருங்கள். அங்கே முக்கியக் கம்பி மேற்புறத்தில் இருக்க வேண்டும். நடமாட்டத்தில் மிதிபட்டு அது கீழே அமுங்கிவிடும். காங்கிரீட் மூடிய பிறகு வெளியில் தெரியாது, சென்ட்ரிங் பிரித்ததும் அந்தப் பகுதியே விழக்கூடும். கம்பியைத் தாங்க நாற்காலிக் கம்பிகள் வைக்கவும், நடக்கப் பலகை போடவும் சொல்லுங்கள். கொட்டும் முன் பொறியாளரைப் பார்க்க வைத்து, ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.