மலைத்துப்போய் நிற்கும்போது ஒரு புத்தகம் என்ன செய்யும்?

சுயஉதவிப் புத்தகம் படித்தால் மன நெருக்கடி குறையுமா என்று கேட்பவர்களுக்கு, குறையும் என்றே ஒரு மனநல ஆலோசகராகப் பதில் சொல்கிறேன். பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல்கள் லேசான மனச்சோர்வுக்குப் பரிந்துரைக்கும் சிகிச்சைகளில் சுயஉதவியும் ஒன்று. ஆனால் அங்கே புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவதில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் அவ்வப்போது பேசி, எது செய்ய முடிந்தது, எங்கே தடைப்பட்டது என்று கேட்பார். நம் ஊரில் விடுபட்டுப்போவது இந்தப் பகுதிதான்.

"நாலு புத்தகம் படிச்சிட்டேன், ஒண்ணும் உள்ள இறங்கல" என்று சொல்லி வருபவர்களிடம் என்ன புத்தகம் என்று கேட்பேன். பெரும்பாலும் ஊக்கமூட்டும் நூல்கள்தான். விடியற்காலையில் எழு, பெரிதாகக் கனவு காண், நினைத்தால் முடியும். அலுவலகம், பிள்ளைகளின் பரீட்சை, மாமியாரின் மருந்து, வீட்டுக்கடன் தவணை என்று எல்லாப் பக்கமும் இழுபடும் பெண்ணுக்கு இது இன்னொரு வேலைப்பட்டியலாகத்தான் போய் முடிகிறது. நாலு நாள் எழுந்து ஐந்தாம் நாள் முடியாமல் போனால், "எனக்குத்தான் மன உறுதி இல்லை" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை யோசிக்க வைக்கிறது. தன்னைத் தாழ்வாக எண்ணுபவர்கள் 'நான் அன்புக்குரியவர்' என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, அப்படிச் சொல்லாதவர்களைவிட அவர்கள் மனநிலை மோசமாக இருந்தது.

நான் பரிந்துரைப்பது பயிற்சிகள் உள்ள புத்தகங்களை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் மன அழுத்தத்துக்காக ஒரு படவழிகாட்டியை வெளியிட்டது. அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எழுத்து குறைவு, படங்கள் அதிகம், ஐந்தே பகுதிகள். இந்த முறையில் அமைந்த குழுப் பயிற்சி, தென் சூடானிலிருந்து உகாண்டாவுக்கு அகதிகளாக வந்த பெண்களிடம் சோதிக்கப்பட்டது; அவர்களுடைய மன வேதனை குறைந்தது. போரில் எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கே உதவியிருக்கிறது என்பதால்தான் இதை நம்பிக்கையோடு சொல்கிறேன். அந்தப் படவழிகாட்டியில் முதலில் வருவது மிக எளிய பயிற்சி: இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி, மூச்சை மெதுவாக விட்டு, சுற்றிலும் என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது என்று கவனிப்பது. கவலை மறைந்துவிடாது. ஆனால் கவலை இருக்கும்போதே அடுத்த வேலையைத் தொட முடியும்.

நெருக்கடியில் இருப்பவருக்குக் கவனமும் ஞாபகமும் குறைவது இயல்பு. பத்துப் பக்கம் புரட்டியும் மனதில் நிற்கவில்லை என்றால் அது சோம்பேறித்தனம் இல்லை. ஒரு பகுதியோடு நிறுத்துங்கள். அதில் உள்ள பயிற்சியை ஒரு வாரம் செய்யுங்கள். இதோடு நான் சேர்த்துச் செய்யச் சொல்வது ஒன்று உண்டு. தலையில் ஓடும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் கையில் இல்லாதவற்றைத் தனியாகப் பிரியுங்கள். மீதியில் ஒன்றை மட்டும் எடுத்து, பத்து நிமிடத்தில் முடிகிற முதல் அடி எது என்று கண்டுபிடியுங்கள். 'கடன் பிரச்சினை' என்று எழுதியிருந்தால் அது இன்னும் மலைதான். 'வங்கிக்குப் போன் செய்து தவணைத் தேதியை மாற்ற முடியுமா எனக் கேட்பது' என்றால் இன்றைக்கே செய்யலாம்.

புத்தகம் போதாத நிலைகளும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி கெட்டிருந்தால், அழுகை நிற்காவிட்டால், அன்றாட வேலையே ஓடாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவற்றாலும் இதே அசதியும் சோர்வும் வரும். அண்மையில் குழந்தை பெற்ற பெண்ணிடம் இந்த அறிகுறிகள் தெரிந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றே உதவி தேடுங்கள். இந்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். புத்தகம் வாங்கிக் கொடுத்தால், அதைப் படிக்க அரைமணி நேரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அந்த நேரத்தில் அடுப்பையும் குழந்தையையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, "எந்தப் பயிற்சி சரியா வந்துச்சு?" என்று கேளுங்கள்.