சவுண்ட் காணாது என்று எழுதுமுன்

போன கிழமையும் ஒரு பிள்ளை கண் கலங்கி வந்து நின்றார். இந்த வருடத்தில் இவர் மூன்றாவது ஆள். முதல் இசைத்தொகுப்பை இணையத்தில் வெளியிட்டு ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. எட்டுப் பாட்டு. அம்மம்மாவின் தாலாட்டு, ஒரு ஒப்பாரி, நிலாவெளிக் கரையில் கரைவலை இழுக்கும்போது அப்பப்பா பாடிய அம்பா, இப்படி. கிட்டார், மத்தளம், குரல். வேறொன்றும் இல்லை.

"சவுண்ட் காணாதாம் அண்ணா. எல்லாத்தையும் எடுத்துவிடுங்கோ" என்றார்.

திருகோணமலையில் ஒலிப்பதிவு செய்கிற எனக்கு இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கேட்பவர்கள் சொன்னால்கூடப் பொறுக்கலாம். விமர்சனம் எழுதுகிறவர்களும், பாட்டின் சொல்லைப் பற்றி ஒரு வரி எழுதாமல், "ஒலித்தரம் குறைவு" என்று முடித்துவிடுகிறார்கள்.

சத்தம் வேறு, தரம் வேறு. ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களுக்கு ஒரே பாட்டை இரண்டு முறை போட்டுக் காட்டுவேன். இரண்டாவது முறை கொஞ்சம்தான் கூட்டுவேன், இரண்டு டெசிபல். "இதுதான் கிளியர்" என்பார்கள். பாட்டு ஒன்றுதான். சத்தம் குறைந்தால் எங்கள் காதுக்கு மத்தள அடி போன்ற கனத்த, தாழ்ந்த சுருதி ஒலிகள் மற்றவற்றைவிடக் கூடுதலாகக் குறைந்து கேட்கும். கூட்டினால் நிறைவாகத் தெரியும். 1933இல் பிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்து காட்டிய விஷயம் இது. அதாவது மாறியது உங்கள் காது, பதிவு இல்லை.

சரி, கூட்டித் தந்தால் என்ன? லிமிட்டரில், அதாவது சத்தத்தின் உச்சங்களை அமுக்கும் கருவியில், போட்டு நசுக்கினால் மெல்லியதெல்லாம் மேலே ஏறி, பலத்ததோடு ஒரே மட்டத்தில் நிற்கும். அம்பாவில் ஒருவர் வரி எடுக்க, மற்றவர்கள் சேர்ந்து இழுக்கும்போது ஒரு எழும்பல் வருமே, அது செத்துப்போகும். தாலாட்டில் மூச்சும் பாட்டும் ஒரே உயரத்தில் கேட்கும். எந்தக் குழந்தை தூங்கும்? இவ்வளவும் செய்து ஏற்றினாலும், ஸ்பாட்டிஃபை அதைத் தன் வழமையான -14 எல்யூஎஃப்எஸ் (பாட்டின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) மட்டத்துக்கு இறக்கிவிடும். யூடியூபும் கூடின சத்தத்தைக் குறைக்கும். நசுங்கல் மட்டும் மிஞ்சும்.

வஷ்டி பன்யன் என்ற ஆங்கிலேயப் பாடகியின் முதல் தொகுப்பு 1970இல் வந்தது. இதைப்போலவே மெல்லிய நாட்டார் பாணி. அநேகமாக யாருமே வாங்கவில்லை. அவர் இசையையே விட்டுவிட்டுப் போனார். 2000இல் மறுபடி வெளியிட்ட பிறகுதான் அதே பாட்டுகளைத் தேடி ஆட்கள் வந்தார்கள். இரண்டாவது தொகுப்பு 2005இல். இடையில் 35 வருடம் போய்விட்டது. இந்தப் பிள்ளைக்கும் அப்படி ஆக வேண்டுமா?

ஆட்டோவுக்குள் இருந்து போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு எழுதாதீர்கள். மத்தளத்தின் கனத்த அடி அதில் வரவே வராது. ஹெட்போன் போடுங்கள், இல்லாவிட்டால் இரவில் வீடு அடங்கிய பிறகு கேளுங்கள். முழுவதையும் ஒரே இருப்பில், இரண்டு தரம். அப்புறம் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக எழுதுங்கள். சுருதி விலகிய இடம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், அந்தப் பிள்ளைக்கு உதவும்.

பாடுகிற பிள்ளைகளே, முதல் வாரக் கருத்துகளைப் பார்த்துவிட்டு எதையும் அழிக்காதீர்கள். தயவுசெய்து.

அந்தப் பிள்ளையின் பாட்டுகளை நான் இன்னும் இணையத்திலிருந்து எடுக்கவில்லை. மாதம் முடியும்வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். ஆறாவது பாட்டின் கடைசியில் அப்பப்பாவின் குரல் வருகிறது, முன்பு எப்போதோ போனில் பிடித்தது. பின்னால் அலைச் சத்தமும் இருக்கிறது. அதை நான் துடைக்காமல் விட்டிருக்கிறேன்.