பழைய செட்டிங் ஒரு வரி, எழாத சர்வர்

உபுண்டு இயங்குதளத்தின் 18.04 பதிப்பில் வருவது மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் 5.7, 20.04-இல் வருவது 8.0. பல வருடமாகத் தொடாமல் விட்ட பில்லிங் சர்வரை ஒரே இரவில் இப்படி மாற்றினால், காலையில் டேட்டாபேஸ் எழாமல் அடம்பிடிக்கலாம். பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பசார் துணிக்கடை ஒன்றில் தீபாவளி நெருக்கத்தில் அதுதான் நடந்தது. "தம்பி, கணக்கெல்லாம் போச்சா?" என்றார் முதலாளியம்மா.

போகவில்லை. சர்வர் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் எர்ரர் லாக்கின் அடியில் காரணம் இருந்தது: 'அன்நோன் வேரியபிள் குவெரி_கேஷ்_லிமிட்=1எம்'. அதற்குக் கீழே 'அபார்ட்டிங்'. அதாவது, பழைய செட்டிங் கோப்பில் இருந்த குவெரி கேஷ் வரி 8.0-க்குத் தெரியவில்லை, அதனால் நின்றுவிட்டது.

குவெரி கேஷ் என்பது, எழுத்துக்கு எழுத்து அதே செலக்ட் கேள்வி (தரவைப் படிக்கக் கேட்பது) மறுபடி வந்தால், முந்தைய விடையை நினைவகத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அட்டவணையில் ஒரு வரி மாறினாலே அந்த அட்டவணை சம்பந்தப்பட்ட விடைகள் எல்லாம் அழிக்கப்படும். ஒவ்வொரு புடவை விற்கும்போதும் ஸ்டாக் மாறுகிற கடையில் இது சேமிப்பதைவிட அழிப்பதே அதிகம். போதாக்குறைக்கு, கேஷ் முழுவதற்கும் ஒரே பூட்டு. நாசி கண்டார் கடையில் பத்துப் பேர் சோறு போட்டாலும் கல்லா ஒன்றே என்றால் வரிசை நகராது. பல கோர் உள்ள பிராசசருக்கும் அதே கதி. 5.7.20-இல் 'கைவிடப்படும்' என்று எச்சரித்து, 2018-இல் வெளியான 8.0-இல் அடியோடு எடுத்துவிட்டார்கள்.

தெரியாத வரியைச் சர்வர் தாண்டிப் போனால் என்ன? பாதுகாப்பு செட்டிங் ஒன்றை யாரோ எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தால், அது இயங்குவதாக நம்பிக்கொண்டே இருப்போம். அதனால்தான் சர்வர் நின்றுவிடுகிறது. பெயருக்கு முன் 'லூஸ்_' சேர்த்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடும். எனக்கு அதில் விருப்பமில்லை. செத்த செட்டிங்கை எடுத்துவிடுவதே சரி.

இதில் ஒரு சிக்கல். ஒரு செட்டிங் ஏதாவது ப்ளகினுக்கு (சர்வரோடு சேரும் துணை நிரலுக்கு) உரியதாகவும் இருக்கலாம். ப்ளகின்கள் ஏறிய பிறகுதான் 'இது யாருக்கும் உரியதல்ல' என்று சர்வர் முடிவுக்கு வருகிறது. அதற்குள் தரவுக் கோப்புகள் 8.0 வடிவத்துக்கு மாறியிருந்தால், 5.7 அவற்றைத் திறக்காது. பதறிப்போய்ப் பழைய வெர்ஷனைத் திரும்பப் போடாதீர்கள். பேக்கப் இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது.

செட்டிங் பல கோப்புகளில் சிதறிக் கிடக்கும். 'மை_பிரிண்ட்_டிபால்ட்ஸ்' கட்டளை எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். குவெரி_கேஷ் என்று தொடங்கும் வரிகளை நீக்குங்கள். எஸ்க்யூஎல்_மோட் என்ற செட்டிங்கில் 'நோ_ஆட்டோ_கிரியேட்_யூசர்' இருந்தால் அதையும்; 8.0-இல் அதுவும் இல்லை. 8.0.16 முதல், சர்வரை ஓட்டாமல் செட்டிங்கை மட்டும் சரிபார்க்கும் 'வேலிடேட்-கான்ஃபிக்' உண்டு; ஆனால் முதல் பிழையிலேயே நின்றுவிடும், திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டும். 5.7 ஓடிக்கொண்டிருக்கும்போதே மைஎஸ்க்யூஎல் ஷெல் என்ற தனிக் கருவியில் உள்ள அப்கிரேட் செக்கரிடம் செட்டிங் கோப்பைக் கொடுத்துவிட்டால், நீக்கப்பட்டவற்றை முன்கூட்டியே பட்டியல் போட்டுத் தரும்.

மைஎஸ்க்யூஎல் 8.4-க்கு ஏறுகிறவர்கள் 'எக்ஸ்பயர்_லாக்ஸ்_டேஸ்', 'டிபால்ட்_ஆதென்டிகேஷன்_ப்ளகின்' இரண்டையும் தேடிப் பாருங்கள். அங்கே அவையும் இல்லை.