காதுக்கு ஓர் எடைக்கல்

இரவெல்லாம் வீட்டு அறையில் உட்கார்ந்து, குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து மிக்ஸ் செய்த பாட்டைக் காலையில் காரில் போட்டால், கண்ணாடி அதிர்கிற அளவுக்கு பேஸ் முழங்குகிறது. அறையில் சரியாகத்தானே கேட்டது? குற்றவாளி பெரும்பாலும் அந்த அறையேதான்.

முன்சுவருக்கும் பின்சுவருக்கும் நடுவே 3 மீட்டர், அதாவது சுமார் 10 அடி, என்று வைத்துக்கொள்வோம். ஒலி நொடிக்கு 343 மீட்டர் வேகத்தில் போகிறது. அலைநீளம் 6 மீட்டராக உள்ள 57 ஹெர்ட்ஸ் ஒலி, இந்தச் சுவர்களில் மோதி மோதி நிலை அலையாகிவிடும், அதாவது சில இடங்களில் பலமாகவும் சில இடங்களில் மெலிந்தும் நகராமல் நின்றுவிடும். சுவரோரம் அது திம்மென்று கேட்கும். அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய மறைந்துவிடும். காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக் டிரம்மின் கனம் பெரும்பாலும் இந்த அதிர்வெண்களில்தான் இருக்கிறது. நடுவில் நாற்காலி போட்டவர், பேஸ் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார்.

இதற்குத்தான் ரெஃபரன்ஸ் ட்ராக். நம் பாட்டின் சாயலில் வெளிவந்த, நன்றாக மிக்ஸ் ஆன ஒரு பாட்டைப் பக்கத்து ட்ராக்கில் போட்டு மாற்றி மாற்றிக் கேட்பது. அறை விழுங்குவதை அந்தப் பாட்டிலும் விழுங்கும். அதில் கிக் எவ்வளவு மெலிந்து கேட்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவு நம்முடையதும் மெலிந்தால் சரி. இதைக் காப்பியடிப்பது என்பவர்களும் உண்டு. மெட்டையா எடுக்கிறோம்? எடைக்கல்லைத்தானே கடன் வாங்குகிறோம்!

ஆனால் சத்தத்தைச் சமமாக்காமல் ஒப்பிட்டால் எல்லாம் வீண். வெளிவந்த பாட்டு, கடைசியில் சத்தத்தை ஏற்றி மெருகூட்டும் மாஸ்டரிங் முடிந்து வந்தது. நம்முடையதைவிடப் பல டெசிபல் கூடுதலாக இருக்கும். சத்தம் லேசாகக் கூடினாலே காது அதை 'நல்ல ஒலி' என்று எடுத்துக்கொள்கிறது. 1933-ல் பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் காட்டியதுபோல, சத்தம் இறங்கும்போது மற்ற ஒலிகளைவிட பேஸ்தான் நமக்குச் சீக்கிரம் மங்குகிறது. நம் மிக்ஸ் சப்பையாகத் தெரிவதற்கு இதுவே போதும். அதனால் முதலில் ரெஃபரன்ஸின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்குங்கள். காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் லவுட்னஸ் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. எல்லா ட்ராக்கும் வந்து சேரும் மாஸ்டரில், சத்தம் எல்லை மீறாமல் அமுக்கும் லிமிட்டர் போட்டிருந்தால் ரெஃபரன்ஸ் அதன் வழியே போகக் கூடாது.

அப்புறம், ஒலியின் நுணுக்கம் நினைவில் சில நொடிகள்தான் தங்கும். முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு மாறாமல், பல்லவிக்குப் பல்லவி உடனுக்குடன் மாற்றுங்கள். ஒரு தடவை குரலை மட்டும், அடுத்த தடவை பேஸை மட்டும்.

57 ஹெர்ட்ஸ் அடியோடு மறைகிற இடத்தில் உட்கார்ந்திருந்தால் ரெஃபரன்ஸாலும் பயனில்லை; இரண்டு பாட்டிலும் அது கேட்காது. அங்கே ஹெட்போனில் ஒருமுறை சரிபாருங்கள், இல்லையென்றால் நாற்காலியை ஒரு முழம் முன்னே நகர்த்துங்கள்.