மாட்டுத்தாவணி: இது எந்தத் தாவணி?

மதுரையில் வெளியூர்ப் பேருந்து நிலையம் இருக்கிற இடம் மாட்டுத்தாவணி. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சிரிக்கிற பெயர் இது. மாட்டுக்கு எதுக்குத் தாவணி?

பாவாடை தாவணிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்தத் தாவணி ஒரு கயிறு. நீளமான வடக்கயிற்றை இரண்டு முளைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி, அதில் வரிசையாக மாடுகளைப் பிணைத்து நிறுத்துவார்கள், அந்தக் கயிற்றுக்குத் தாமணி என்று பெயர். வடமொழியில் தாமன் என்றால் கயிறு. வயிற்றில் கயிற்றால் கட்டுண்ட கண்ணன் தாமோதரன் ஆனதும் அதே சொல்லால்தான். தாமணி வாய்வழக்கில் தாவணி ஆனது. அப்புறம் கயிற்றின் பெயர் அதில் கட்டிய மாட்டு வரிசைக்கும், அப்படி வரிசை வரிசையாக மாடு நிற்கிற சந்தைக்கும் ஏறிவிட்டது.

தென்மாவட்டங்களில் தாவணி என்றால் வாரச்சந்தையைச் சொல்வதில்லை. திருவிழாவை ஒட்டி, சில நாள் சேர்ந்தாற்போலக் கூடுகிற பெரிய மாட்டுச் சந்தைதான் தாவணி. பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொல்கிறவர்கள், சுழி பார்க்கிறவர்கள், துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்தே விலை பேசி முடிக்கிற தரகர்கள், பக்கத்திலேயே மூக்கணாங்கயிறு, சாட்டை, சலங்கை விற்கிற கடைகள், லாடம் அடிக்கிறவர்கள் என்று ஒரு ஊரே கூடும். மதுரையில் இது சித்திரைத் திருவிழாவை ஒட்டிக் கூடியது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க கூட்டுவண்டி கட்டிக்கொண்டு சுற்றுப்பட்டுச் சம்சாரிகள் எப்படியும் வருவார்கள், வந்த கையோடு ஒரு ஜோடி உழவு மாட்டையும் பிடித்துக்கொண்டு போகலாமே. சாமி கும்பிடுவதும் மாடு வாங்குவதும் ஒரே பயணத்தில் முடிந்துவிடும்.

இடமும் அதற்குத் தோதானதுதான். வைகைக்கு வடகரை, ஊருக்கு வடகிழக்கே மேலூர் சாலை, தெற்கே கொஞ்சம் தள்ளி வண்டியூர்க் கண்மாய். அந்தக் காலத்தில் ஊருக்கு வெளியே கிடந்த பொட்டல்வெளி. நூற்றுக்கணக்கான மாடுகளை நிறுத்த விரிந்த இடமும் குடிக்கத் தண்ணீரும் வேண்டும் இல்லையா?

பின்னால் மாட்டுக்கு ஆகியிருந்த இடம் பஸ்ஸுக்கும் ஆனது. நகருக்குள் நெரிசல் தாங்காமல், பல இடங்களில் சிதறிக் கிடந்த வெளியூர்ப் பேருந்து நிலையங்களில் பெரும்பகுதியை ஒன்றாக்கி 1990-களின் கடைசியில் இங்கே கொண்டுவந்தார்கள். திருச்சி, சென்னை, நெல்லை, ராமேஸ்வரம் பக்கம் போக இங்கே வர வேண்டும். தேனி, கோவை என்றால் ஆரப்பாளையம், இதை மாற்றிப் பிடித்து அலைகிறவர்களை இன்றைக்கும் பார்க்கலாம். அடுத்தடுத்து பூ மார்க்கெட்டும் காய்கறி மார்க்கெட்டும் வந்து சேர்ந்தன. மேலூர் சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் 2004-இல் திறந்த உயர்நீதிமன்றக் கிளை, அதைத் தாண்டி ஒத்தக்கடையும் யானைமலையும்.

சரி, வடமொழியிலிருந்து வந்த இந்தத் தாவணிக்கு நல்ல தமிழ்ச் சொல் என்ன? மாட்டுச் சந்தை என்றால் பொருள் வந்துவிடும், ஆனால் அந்தக் கயிறும் வரிசையும் அதில் இல்லை. எனக்கு நெருக்கமாகப் படுவது பிணையல். களத்தில் கதிரை மிதிக்க மாடுகளை ஒன்றோடொன்று கட்டி ஓட்டுவதற்கு அந்தப் பெயர் உண்டு. 'மாடு கட்டிப் போரடித்தால் மாளாது செந்நெலென்று ஆனை கட்டிப் போரடிக்கும் அழகான தென்மதுரை' என்று பாடிய ஊருக்கு அது அந்நியமான சொல்லும் இல்லை. அதற்காகப் பெயர்ப்பலகையை மாற்றச் சொல்லி யாரும் கிளம்ப வேண்டாம். பேருந்து நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர் வைத்த பிறகும் ஆட்டோக்காரரிடம் நாம் மாட்டுத்தாவணி என்றுதானே சொல்கிறோம்.