‘சும்மா இருந்தார் என்றால் சரியல்ல’

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை, கோர்ட் பாஷையில் எம்.சி.ஓ.பி. வழக்குகளை, இருபது வருடத்துக்கும் மேலாக நடத்திவருகிறேன். இறந்துபோனவர் ஆணாக இருந்தால் மனுவில் ‘தொழில்’ என்ற இடத்தை நிரப்ப ஒரு நிமிஷம் போதும். டிரைவர், கொத்தனார், மளிகை வியாபாரம். பெண்ணாக இருந்தால் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் கணவர் கொஞ்ச நேரம் யோசிப்பார். அப்புறம் சொல்வார்: “வீட்லதாங்க மேடம். சும்மாதான் இருந்தா.”

கோவைப் பக்கம் லேத் பட்டறையில் வேலை செய்யும் ஒருவரும் அப்படித்தான் சொன்னார். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மனைவிக்கு 38 வயது. உறவுக்காரர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தபோது லாரி மோதிவிட்டது. இரண்டு பிள்ளைகள். பிரமாணப் பத்திரம் தயாரிக்க விவரம் வேண்டுமே என்று கேட்க ஆரம்பித்தேன்.

“காலைல யார் முதல்ல எந்திரிப்பாங்க?”

“அவதாங்க.”

“எத்தனை மணிக்கு?”

“அது தெரியலைங்க மேடம். நான் எந்திரிக்கும்போது டீ இருக்கும்.”

பதினேழு வருடக் கல்யாண வாழ்க்கை. குழாயில் தண்ணீர் எந்தக் கிழமை வரும், பையனுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, சமையல் கேஸ் எந்த போன் நம்பரில் பதிவாகியிருக்கிறது என்று எதைக் கேட்டாலும் “அவளுக்குத்தாங்க தெரியும்” என்றார். கெட்ட மனிதர் இல்லை. குடி கிடையாது, சம்பளத்தை அப்படியே வீட்டில் கொடுப்பவர். வெளி வேலை தனக்கு, வீட்டு வேலை அவளுக்கு என்று ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு, அதற்கு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் வாழ்ந்தவர். அவர் அப்பாவும் அப்படித்தான், தாத்தாவும் அப்படித்தான்.

“வீட்ல பொண்ணைக் கேட்டு எழுதிட்டு வாங்க” என்று அனுப்பினேன். அடுத்த வாரம் ஒரு கோடு போட்ட நோட்டு வந்தது. ஒன்பதாவது படிக்கும் மகளின் கையெழுத்து. மொத்தம் 34 வரி. ‘தண்ணி வந்தா ராத்திரி ரெண்டு மணின்னாலும் பிடிக்கணும்.’ ‘வாரத்துக்கு ரெண்டு தடவை மாவாட்டணும்.’ ‘அப்பத்தா கால் புண்ணுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாத்தணும்.’ ‘அப்பா சட்டைல ஆயில் கறை, தனியா ஊறவெக்கணும்.’ ‘ரேஷன் கடைல பருப்பு வந்துருச்சான்னு பாக்கணும்.’ கடைசி வரி: ‘அப்பா கோவமா வந்தா எங்கள வெளிய கூட்டிட்டுப் போகணும்.’

முப்பத்து மூன்றையும் பிரமாணப் பத்திரத்தில் சேர்த்தேன். கடைசி வரியைச் சேர்க்கவில்லை. அவரும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். இழப்பீடு என்பது கண்ணீருக்குக் கொடுக்கும் விலை அல்ல, கணக்கு. இறந்தவரின் மாத வருமானத்தை நிர்ணயித்து, அவரது சொந்தச் செலவுக்கு ஒரு பங்கைக் கழித்து, வருடக் கணக்காக்கி, வயதுக்கு ஏற்ற பெருக்கல் எண்ணால் பெருக்குவார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றம் சரளா வர்மா வழக்கில் கொடுத்த அட்டவணைப்படி 36 முதல் 40 வயதுக்குப் பெருக்கல் எண் 15. இல்லத்தரசியின் வேலைக்கு மாதம் 5,000 ரூபாய் என்று வைத்து, மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் வருவது 6 லட்சம். அதே வேலைக்கு 10,000 ரூபாய் மதிப்பு போட்டு, 40 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு உரிய 40 சதவீத எதிர்கால வருமான உயர்வையும் சேர்த்தால் 16 லட்சத்து 80 ஆயிரம். ‘சும்மாதான் இருந்தா’ என்ற வார்த்தை பிள்ளைகளிடமிருந்து எவ்வளவு பறித்துக்கொண்டு போகும் என்று பாருங்கள்.

சட்டமும் ஒரு காலத்தில் இந்தக் கணவர் மாதிரிதான் யோசித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994-ல் சேர்க்கப்பட்ட இரண்டாம் அட்டவணை, சம்பாதிக்காத மனைவியின் மதிப்பைக் கணவரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றது. அதாவது மேனேஜர் வீட்டில் சுட்ட தோசைக்கு ஒரு விலை, பியூன் வீட்டில் சுட்ட தோசைக்கு வேறு விலை. இதைவிட மோசம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2001-ல் வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு சேர்த்து ‘உழைக்காதவர்கள்’ பட்டியலில் வைத்திருந்ததை 2010-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஏ.கே. கங்குலி தன் தீர்ப்பில் கண்டித்தார். அதற்கு முந்தைய வருடமே நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், இல்லத்தரசியின் உழைப்பை எப்படியெல்லாம் மதிப்பிடலாம் என்று விரிவாக எழுதியிருந்தார். 2010 தீர்ப்பு அதை எடுத்துக்காட்டியது. நம்ம ஊர் தீர்ப்பு என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

பிறகு 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கு. பைக்கில் போன ஒரு தம்பதி டெல்லியில் விபத்தில் இறந்த வழக்கு அது. இல்லத்தரசிக்கும் எதிர்கால உயர்வு உண்டு என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. நீதிபதி ரமணா தன் தனித் தீர்ப்பில் 2019-ன் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை எடுத்து வைத்தார். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். ஐந்து வருடம் கழித்து 2024-ல் அதே கணக்கை எடுத்தபோது பெண்கள் 289, ஆண்கள் 88. ஆண்களும் இப்போது சமைக்கிறார்கள், காலம் மாறிவிட்டது என்று கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது சொல்லும்போது எனக்கு இந்த 88 ஞாபகத்துக்கு வரும்.

பெண்கள் சங்கக் கூட்டம், கல்லூரி என்று எங்கே பேசப் போனாலும் கடைசியில் ஒருவர் எழுந்து கேட்பார்: “அப்ப நம்ம பெரியவங்க வகுத்த முறை தப்புங்களா மேடம்?”

வேலையைப் பிரித்துக்கொள்வது தப்பில்லை. ஒருவர் வெளியே, ஒருவர் வீட்டில் என்று இரண்டு பேரும் மனதார முடிவு செய்தால் அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெரியவர்கள் வகுத்தது இந்த ஏற்பாடு இல்லை. என் பாட்டி வீட்டில் மூன்று ஓரகத்திகள், ஒரு விதவை அத்தை. பாட்டிக்குக் காய்ச்சல் என்றால் அடுப்பு அணையாது. பாட்டி களையெடுக்கப் போனார், மாடு கறந்தார், தயிர் விற்ற காசை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். ‘சும்மா’ என்ற சொல்லை அவரைப் பற்றி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நாம் என்ன செய்தோம்? கூட்டுக் குடும்பத்தைக் கலைத்துவிட்டு இரண்டு அறை வாடகை வீட்டுக்கு வந்தோம். நிலம் போச்சு, மாடு போச்சு, ஓரகத்திகள் போனார்கள். நான்கு பேர் செய்த வேலையை ஒருத்தி தலையில் வைத்து, அதற்குப் பாரம்பரியம் என்று பெயரும் வைத்துவிட்டோம். அந்த ஒருத்தி ஒரு நாள் லாரிக்கு அடியில் போனால், அடுத்த நாள் காலையில் ஒன்பதாவது படிக்கும் பெண் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறாள். என் வழக்குகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அப்பா சமையல் கற்றுக்கொள்வதற்குள் மகளின் அரையாண்டுத் தேர்வு முடிந்துவிடும்.

கணவர் இறந்த வழக்குகளில் இதுவே தலைகீழாக நடக்கும். எந்த வங்கியில் கடன், யாரிடம் சீட்டு, எல்.ஐ.சி. பாலிசி எங்கே இருக்கிறது என்று மனைவிக்குத் தெரியாது. “போடச் சொன்ன இடத்துல கையெழுத்துப் போட்டேங்க, அவ்வளவுதான்” என்பார்கள். அவர் வாங்கிய கைமாற்றுக்குச் சாட்சி சொல்ல பதினாறாம் நாளே நாலு பேர் வந்து நிற்பார்கள். அவர் கொடுத்த கைமாற்றைப் பற்றிச் சொல்ல ஒருவரும் வரமாட்டார்கள்.

இன்னொரு வழக்கு எனக்கே பாடம். வலது கை முறிந்த ஒருவர், தொழில் கூலி வேலை என்று சொன்னார். நானும் துருவிக் கேட்கவில்லை, அப்படியே மனுவில் போட்டுவிட்டேன். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் எந்த மேஸ்திரியிடம் வேலை பார்த்தீர்கள் என்று கேட்டதும் திணறிவிட்டார். வெளியே வராந்தாவில்தான் உண்மையைச் சொன்னார். முதுகுவலி வந்ததிலிருந்து வீட்டில் சமைத்து, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டது அவர். மனைவிக்கு பனியன் கம்பெனியில் வேலை. “கோர்ட்ல எப்படீங்க மேடம் சொல்றது, பொண்டாட்டி சம்பாத்தியத்துல இருக்கேன்னு?” கை முறிந்ததால் அந்த வீட்டு வேலை நின்றதையே இழப்பாகக் கேட்டிருக்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலையே தன் முக்கிய வேலை என்று சொன்ன பெண்கள் கிட்டத்தட்ட 16 கோடி, ஆண்கள் சுமார் 58 லட்சம். அப்படிச் சொன்ன ஆண்கள் 58 லட்சம் என்றால், இவர் மாதிரி மறைத்தவர்கள் எத்தனை பேரோ. வெட்கத்தால் அவர் வழக்கும் கெட்டது.

சரி, காரியத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் பெண்கள் செய்யும் வேலைக்குப் பேப்பரில் ஒரு தடயம் இருக்கட்டும். கிராமத்தில் மாட்டுக்குத் தீவனம் வைப்பது, கறப்பது, சொசைட்டிக்குப் பால் ஊற்றுவது எல்லாம் மனைவி. பால் அட்டை மட்டும் கணவர் பெயரில். அட்டையை மனைவி பெயருக்கு மாற்றுங்கள், பணம் அவர் கணக்கில் ஏறட்டும். தையல், பூக்கட்டுதல், டியூஷன் எதுவானாலும் வருகிற காசு வங்கிக் கணக்கு வழியாகவோ ஜிபே வழியாகவோ வரட்டும். மகளிர் குழுப் பாஸ்புக்கைத் தூக்கிப் போடாதீர்கள். வீடு, மனை வாங்கினால் பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும். கணவர் சவூதியில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்துகளில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். ஆனால் அதற்காக அந்தக் குடும்பம் எத்தனை வருடம் கோர்ட்டுக்கு அலைந்தது என்பதையும் பாருங்கள். பத்திரத்தில் முதலிலேயே ஒரு பெயரைச் சேர்ப்பது சுலபம்.

விபத்து நடந்துவிட்டால் வழக்குப் போட ஆறு மாதக் கெடு சட்டத்தில் இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். கெடு தாண்டிவிட்டாலும் நீங்களாக முடிவு செய்துகொள்ளாமல் ஒரு வக்கீலைப் பாருங்கள். சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு முன்னால், இறந்தவர் என்னென்ன வேலை செய்தார் என்று பிள்ளைகளிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் அம்மா தெய்வம் மாதிரி என்று கூண்டில் அழுதால் நீதிபதி தண்ணீர் கொடுக்கச் சொல்வார், வேறு ஒன்றும் ஆகாது. தெய்வத்துக்கு மாத வருமானம் போட முடியாதே.

லேத் பட்டறைக்காரர் கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வக்கீல் அனுபவசாலி, நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். பதில்கள் வழக்கமான கோர்ட் தமிழில் பதிவாகின. ‘என் மனைவிக்கு மாதச் சம்பளம் எதுவும் இல்லை என்றால் சரிதான்.’ அடுத்த கேள்விக்கு அவர் கொஞ்சம் நின்று, என் பக்கம் பார்க்காமல் பதில் சொன்னார். ‘என் மனைவி வீட்டில் சும்மா இருந்தார் என்றால் சரியல்ல.’

தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் ஆபீசுக்கு வந்து நகல் மனுவில் கையெழுத்துப் போடச் சொன்னேன். நாளைக்கு வரட்டுமா என்று கேட்டார். இன்றைக்குத் தண்ணி வர்ற நாளாம்.