தைச்சி பழகும் பெரியவர்களே, முழங்காலைத் திருகாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது முழங்கால். சிகிச்சை அறைக்குள் நொண்டிக்கொண்டே வந்த அக்காவுக்கு 62 வயது, சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் வீடு. ஐந்து வாரமாக யூடியூப் பார்த்து, மெதுவான அசைவுகள் கொண்ட சீனப் பயிற்சியான தைச்சி பழகுகிறாராம். "மெதுவாக் கைய ஆட்டுறதுதானே தம்பி, அதுல எப்படிக் கால் வீங்கும்?" என்று கேட்டார். செய்து காட்டச் சொன்னேன். கைகள் அழகாகவே மிதந்தன. நான் வலது பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆணி அடித்ததுபோல அது அப்படியே நிற்க, உடம்பு மட்டும் இடப்பக்கம் திரும்பியது. நடுவில் மாட்டிக்கொண்ட முழங்கால் உள்பக்கமாகச் சரிந்து திருகியது. தினமும் முப்பது தடவை, ஐந்து வாரம்.

"மெதுவாகக் கையை ஆட்டுவது." பதினாறு வருடமாக இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) இருக்கிறேன், இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தைச்சியின் முழுப்பெயர் தைஜிசுவான். கடைசியில் வரும் 'சுவான்' மடக்கிய கைமுஷ்டியைக் குறிக்கும் சொல். பெயரிலேயே சண்டை இருக்கிறது. வட சீனாவின் ஹெனான் மாநிலத்தில், மஞ்சள் ஆற்றுக்கு வடக்கே, வென் வட்டாரத்தில் சென்ஜியாகோ என்று ஒரு கிராமம். மிங் ஆட்சி சரிந்த 17ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த சென் வாங்டிங் படையில் இருந்தவர். அவர் குடும்பத்தில் வழிவழியாக வந்த சண்டைப் பயிற்சியிலிருந்துதான் தைச்சி வளர்ந்தது என்பதே வரலாற்றாய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்பது. சென் குடும்பத்துப் பயிற்சியை இன்றைக்கும் நேரில் பார்த்தால் தெரியும்: மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று ஒரு குத்து வெடிக்கும், கால் தரையில் ஓங்கி விழும். (நம்ம ஆட்கள் என்னிடம் தவறாமல் கேட்பது: "இது போதிதருமர் கொடுத்ததுதானே?" அவர் பெயரைச் சொல்வது ஷாவ்லின் மடத்துக் கதைகளில். தைச்சிக்காரர்களின் பழங்கதை ஜாங் சான்ஃபெங் என்ற தாவோ துறவியைச் சொல்லும். இரண்டையும் குழப்ப வேண்டாம்.)

ஹெபெய் மாநிலத்து யாங் லுச்சான் அந்தக் கிராமத்துக்குப் போய், சென் சாங்சிங்கிடம் பல வருடம் கற்று, பிறகு பெய்ஜிங்கில், அப்போது சீனாவை ஆண்ட மஞ்சு இனப் பிரபுக்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவருடைய பேரன் யாங் செங்ஃபூ காலத்தில்தான் குதிப்பும் வெடிப்பும் குறைந்து, இப்போது நாம் பூங்காக்களில் பார்க்கும் ஒரே சீரான, அகன்ற அசைவு பரவியது. அதிலிருந்து சுருக்கி 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் வகுத்ததே 24 அசைவுத் தொடர். அக்காவின் காணொளியில் இருந்ததும் அதுதான்.

அதில் 'காட்டுக்குதிரையின் பிடரியைப் பிரித்தல்' என்று ஒரு அசைவு வரும். ஒரு கை மேலே, ஒரு கை கீழே, பார்க்க ஏதோ நடனம்போல இருக்கும். சண்டையில் அது இப்படி: குத்த வந்தவனின் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுக்கிறீர்கள். உங்கள் முன்கால் அவன் காலுக்குப் பின்னால் போய் நிற்கிறது. இன்னொரு முன்கை அவன் அக்குளுக்கடியில் நுழைகிறது. இடுப்பைத் திருப்பினால் அவன் மல்லாக்க விழுவான். இதில் அந்த முன்காலைக் கவனியுங்கள். குதிகால் மட்டும் தரையைத் தொடும், எடை இன்னும் பின்காலிலேயே இருக்கும். அவன் காலை வாரினாலும், தரை வழுக்கினாலும், எடை ஏறாத காலைச் சட்டென்று இழுத்துக்கொள்ளலாம். நிலை உறுதியான பிறகே எடை முன்னால் நகரும். ஒரு கால் வெறுமை, ஒரு கால் நிறைவு என்று தைச்சி ஆசான்கள் சொல்வது இதைத்தான். மெதுவாகப் பழகுவதும் இதற்காகவே. வேகமாகச் செய்தால் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

ஈரமான குளியலறையில் காலடி வைக்கும் 70 வயதுக்காரருக்கு வேண்டியதும் அதே திறமைதான். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் நடுக்கமும் தள்ளாட்டமும் தரும் பார்கின்சன் நோயுள்ள 195 பேரைக் குழுக்களாகப் பிரித்து 24 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். வெறும் தசைநீட்டல் செய்தவர்களைவிடத் தைச்சி செய்தவர்கள் குறைவாகவே விழுந்தார்கள். மூட்டுத் தேய்மானத்துக்கும் அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதல் தைச்சியை உறுதியாகவே பரிந்துரைக்கிறது. தைச்சியை விடச் சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. நானே நோயாளிகளைச் சமூக மன்ற வகுப்புகளுக்கு அனுப்புகிறேன்.

ஆனால் தயவுசெய்து இவற்றைக் கேளுங்கள். உடம்பைத் திருப்புவதற்கு முன் அந்தக் காலிலிருந்து எடையை எடுங்கள், பாதத்தைத் திருப்புங்கள், அப்புறம் எடையைத் திரும்பக் கொடுங்கள். முழங்கால் எப்போதும் காலின் இரண்டாவது விரல் பார்க்கும் திசையிலேயே இருக்கட்டும். காணொளியில் இருபது வயதுப் போட்டியாளர் தரையோடு தரையாக இறங்குகிறார் என்றால் நீங்களும் ஏன் இறங்குகிறீர்கள்? அவர் நடுவர்களின் மதிப்பெண்ணுக்காக இறங்குகிறார். உங்களுக்குக் கொஞ்சம் மடங்கிய முழங்கால் போதும். தாழ இறங்கும் 'பாம்பு தவழ்ந்து இறங்குதல்' அசைவு வரும்போது நின்றவாறே செய்யுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ரப்பர் செருப்போடு டைல்ஸில் பழகாதீர்கள். தடுமாற்றம் உள்ளவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கனமான நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் காலையிலும் வலி இருந்தால் முந்தைய நாள் அளவு அதிகம். மூட்டு வீங்கினால் நிறுத்திவிட்டு வாருங்கள், தைலம் தேய்த்து இன்னும் இரண்டு வாரம் ஓட்டாதீர்கள். மாற்று மூட்டு வைத்திருந்தால் பயிற்றுநரிடம் முதல் நாளே சொல்லுங்கள். உங்கள் கையை மட்டும் திருத்திவிட்டுப் பாதத்தைப் பார்க்காத பயிற்றுநர் என்றால் வேறு வகுப்பு தேடுங்கள்.

அந்த அக்காவுக்கு வீக்கம் வடிந்துவிட்டது. 24 அசைவையும் நிறுத்திவிட்டு இப்போது ஒரே ஒரு அடி கொடுத்திருக்கிறேன்: குதிகால் தொடவேண்டும், நிற்கவேண்டும், எடை ஏறாமலே காலைப் பின்னால் எடுக்கவேண்டும். சமையலறை மேடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பக்கத்துக்குப் பத்து தடவை. கை அசைவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.